பங்கு போடட்டும் பையன்!

கூட்டல் வருகிறது. கழித்தல் வருகிறது. வகுத்தல் என்றதும் பையன் விழிக்கிறான். "வாய்ப்பாட்டைச் சொல்லு!" என்று தகப்பனார் தலையில் குட்டுகிறார். பையன் அழுகிறான்.

குட்டு எதற்கு? முறுக்கு டப்பாவைத் திறந்தால் போதாதா?

12 முறுக்கு. வீட்டில் 4 பிள்ளைகள். "எல்லோருக்கும் சமமாகக் கொடு" என்று பையனிடமே டப்பாவைக் கொடுக்கவேண்டும். ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வருவான். டப்பா காலி. ஆளுக்கு 3.

அவன் போட்டது வகுத்தல் கணக்குதான். அதன் பெயர் அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்! வாய்ப்பாடும் வேண்டும். 100 முறுக்கை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் அது அடுத்த வேலை.

மறுநாள் கேள்வியைத் திருப்பிப் போடலாம். "ஆளுக்கு 3 கொடுத்தால் 12 முறுக்கு எத்தனை பேருக்கு வரும்?" இதுவும் வகுத்தல்தான். பிள்ளைக்கோ இது வேறு கணக்கு. அங்கே பங்கு தெரியாது. இங்கே ஆள் தெரியாது. ஒன்றை மட்டும் பழகிய பிள்ளை மற்றதில் திணறும்.

மீதி வந்தால்தான் வேடிக்கை. 14 இட்லி, 4 பேர். ஆளுக்கு 3 போக 2 மீதி. பிட்டு ஆளுக்குப் பாதி வைக்கலாம். 14 கோலிக்குண்டு என்றால்? பிட்க முடியாது. 2 குண்டு மிஞ்சியே நிற்கும்.

14 பேர் ஆற்றைக் கடக்கவேண்டும். பரிசல்காரர் ஒரு தடவைக்கு 4 பேரைத்தான் ஏற்றுவார். எத்தனை தடவை?

"3" என்பான் பையன். "கரையில் நிற்கும் 2 பேர்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும்.

"இன்னொரு தடவை வரணும்!" என்று அவனே கத்துவான்.