தூதனை நாமே ஆக்குவோம்

மல்லாபூரில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து பேருந்தேறினால் சற்று நேரத்தில் ஈ.சி.ஐ.எல். நாற்சந்தி வந்துவிடும். நம்மில் பலருக்கு அஃது ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். 1967ஆம் ஆண்டு அணுசக்தித் துறையின்கீழ்த் தோன்றிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. டிராம்பேயில் இந்நாட்டவர் வகுத்த வழியில் டி.டி.சி. என்னும் வரிசைக் கணிப்பொறிகளைச் செய்தளித்த நிறுவனம் அது. அத்தகைய ஊரில் கணினி பயிலும் நம்மவருள் சிலர் செய்வது என்ன? இறுதியாண்டுத் திட்டப்பணியை அமீர்ப்பேட்டையில் விலைக்கு வாங்கி, அட்டை மாற்றி, கையெழுத்திட்டு நீட்டுகிறார்கள். விடுதி மேலாண்மை, மருந்தக மேலாண்மை, வாடகை வண்டி மேலாண்மை! பெயர்தான் மாறும், உள்ளிருப்பது ஒன்றே.

அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மாற்று ஒன்று சொல்லவே எழுதுகிறேன். தரவுத்தளத்தோடு பேசும் கிளையன்ட் லைப்ரரி ஒன்றை, சிறியதாய், விரைவுள்ளதாய், நீங்களே எழுதுங்கள் என்பதே அது.

நாம் எழுதும் நிரல் ஒருபுறம் இருக்கிறது. தரவுகளைக் காக்கும் வழங்கி மறுபுறம் இருக்கிறது. நம் கேள்வியை அங்கே கொண்டுபோய், விடையை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது இந்த லைப்ரரி. தூதன் என்று அழைக்கலாம். வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதால், இப்பெயருக்கு எவரும் சண்டைக்கு வரமாட்டார் என நம்புகிறேன்.

“ஆயத்தமாகப் பத்துத் தூதர்கள் கிடக்கும்போது பதினோராவது எதற்கு?” என்று நண்பர்கள் நகைத்தார்கள். நியாயமான கேள்விதான். நான் எழுதத் தொடங்கியபோது எனக்கும் விடை தெரியாது. தமிழ்தான் விடை சொல்லிற்று.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டேன். அதனுடன் பேசும் முறை ஒளிவுமறைவற்றது, எவரும் படிக்கலாம். தொடர்பைத் தொடங்கும் முதற் செய்தியை விட்டுவிட்டால், ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் வகையைக் குறிக்கும் ஒரு பைட்டு நிற்கும். அடுத்து 4 பைட்டுகளில் செய்தியின் நீளம். பின்னர்ச் செய்தி. இவ்வளவே. ஆங்கிலப் பெயர்களைத் தேடினேன். விடை சிட்டாய்ப் பறந்து வந்தது. ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தேடினேன். வழங்கி தொடர்பையே அறுத்துவிட்டது! இரண்டு இரவு உறங்கவில்லை.

குற்றம் என்னுடையது. நான் எழுத்துக்களை எண்ணினேன். வழங்கியோ பைட்டுகளை எண்ணுகிறது. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5 குறியீடு. யூ.டி.எஃப். 8 முறையில் கம்பியிற் செல்லும்போது 15 பைட்டு. ஆங்கில எழுத்துக்கு இம்மூன்று கணக்கும் ஒன்றாகவே வந்து முடிவதால், ஆங்கிலத்தை மட்டும் சோதித்தவன் இப்பிழையை ஆயுள் முழுதும் காணமாட்டான். ஆயத்தத் தூதனைக் கொண்டு நூறு பணி முடித்திருந்தாலும் எனக்கு இது விளங்கியிராது. நண்பர்களின் நகைப்புக்கு இதையே முதல் விடையாகத் தருகிறேன்.

இனி விரைவைப் பற்றி. விரைவு என்றதும் நம்மவர் மொழிச் சண்டையில் இறங்குகிறார்கள். சி மொழியா, ரஸ்டா, கோவா என்று விடுதியில் நள்ளிரவு வரை வாதம். அருள்கூர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஐதராபாத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். போய்த் திரும்ப 6 மில்லி விநாடிக்குக் குறையாது. ஒரு கேள்விக்கு விடை வந்த பிறகே அடுத்த கேள்வி என்று 1,000 கேள்வி கேட்டால் 6 விநாடி வழியிலேயே போயிற்று. இதை எந்த மொழியும் குறைக்க இயலாது. விடைக்குக் காத்திராமல் கேள்விகளை வரிசையாக அனுப்பி, விடைகளை அதே வரிசையிற் பெற்றுக்கொண்டால், பயண நேரம் ஆயிரம் மடங்காகப் பெருகுவதில்லை. தூதனின் கால்வலிமையைவிட, அவனை எத்தனை முறை அலைக்கழிக்கிறோம் என்பதே முதன்மையானது.

இவ்வாறு வரிசையாய் அனுப்ப இடந்தரும் மூன்றாம் பதிப்பு முறை, போஸ்ட்கிரெஸ் 7.4 உடன் 2003இல் வந்தது. அத்தரவுத்தளத்துக்கே உரிய சி மொழி லைப்ரரியான லிப்பிக்யூ, இவ்வசதியைத் தனி முறையாகத் தன் பயனர்க்குத் திறந்துவிட்டது 14ஆம் பதிப்பில், ஆண்டு 2021. இடையே 18 ஆண்டுகள்! முறையைப் படித்துத் தம் தூதனைத் தாமே எழுதியவர் அத்தனை ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆயினும் ஒன்றை மறைக்கமாட்டேன். சிறிதாக்குவது என்பது கண்டதையெல்லாம் வெட்டி எறிவதன்று. எனக்குத் தேவையில்லாத தரவு வகைகளை விட்டுவிட்டேன். கேள்விகளைத் தானே கட்டித்தரும் அலங்காரங்களையும் விட்டேன். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியை மட்டும் விட முடியவில்லை. ஸ்க்ராம் என்னும் அம்முறைக்கே என் உழைப்பில் பெரும்பங்கு சென்றது. தொடர்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் விட முடியாது. மாணவன் எழுதிய தூதனை வங்கிக்கு அனுப்பச் சொல்ல நான் பித்தனல்லன். அங்கே பல்லாண்டு அடிபட்டுத் தேறியவனே போகட்டும். ஆனால் அவன் இடறும் நாளில் எங்கே இடறினான் என்று கண்டறிய, தூதின் வழியை ஒருமுறையேனும் நடந்து பார்த்தவன் வேண்டும் அன்றோ?

திட்டப்பணித் தலைப்புக் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. என் நிரல் அழகானதன்று; குறிப்புகள் பாதி தமிழிலும் பாதி கிறுக்கலிலும் இருக்கின்றன. பார்க்க விரும்பும் இளையவர்கள் ஞாயிறு மாலை மல்லாபூர் அறைக்கு வரலாம். இரானித் தேநீர் என் பொறுப்பு. பிஸ்கட்டு வருவோர் பொறுப்பு.