மருந்தை மாற்றியது மருத்துவரா, மாளிகையா?

மருந்து பழுதா? இல்லை. பயன்படுத்தியவர்கள் வேண்டாமென்று சொன்னார்களா? அதுவும் இல்லை! பின் ஏன் அமெரிக்க நாட்டு மருந்துக் கடைகளிலிருந்து லெவெமிர் என்னும் இன்சுலின் மறைந்தது? 'இனி விற்பதில்லை' என்று விற்றவர் முடிவு செய்துவிட்டார். அவ்வளவுதான்!

அறிவிப்பு 2023 நவம்பரில் வந்தது. வெளியிட்டது டென்மார்க் நாட்டு நோவோ நார்டிஸ்க் நிறுவனம். 2024 ஏப்ரலில் பேனா ஊசி நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு குப்பியும் நின்றது.

'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு சோப்பு கிடைக்காவிட்டால் மற்றொரு சோப்பு வாங்குவதில்லையா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காகவே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை வியாதி என்றதும் நம் நினைவுக்கு வருவது, நடுவயதில் வந்து, இனிப்பைக் குறைத்தும் காலையில் நடந்தும் மாத்திரை விழுங்கியும் சமாளிக்கும் வியாதி. நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. இது முதல் வகை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் வரும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் காவற்படையே அழித்துவிடும் கொடுமை! இதற்கு மாத்திரை உதவாது. இன்சுலின் ஒன்றே கதி. உண்ணும்போதெல்லாம் விரைந்து வேலை செய்யும் ஊசி ஒன்று. உண்ணாத நேரத்துக்கும் உறங்கும் நேரத்துக்கும் நின்று நிதானமாக வேலை செய்யும் ஊசி மற்றொன்று. அளவு கூடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம், வலிப்பு. குறைந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்து. இரண்டுக்கும் நடுவிலே, கயிற்றின் மேல் நடப்பவனைப் போல, ஒவ்வொரு நாளும் நடக்கிறார்கள் இந்நோயாளர்கள்.

லெவெமிர், நிதான வகை ஊசி. முதல் வகை நோயாளர் பலர் அதைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனப் பிரித்துப் போட்டுக்கொண்டனர். பிள்ளை மாலையில் ஓடியாடிக் களைத்தானா? அன்றிரவு ஊசியில் இரண்டு யூனிட் குறைக்கலாம். மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பலாம். மாற்றாகக் காட்டப்படும் மருந்துகளில் ஒன்று டெக்லுடெக். அது 42 மணி நேரத்துக்கு மேலும் உடலில் நின்று வேலை செய்வது. நல்ல மருந்துதான், அதனால் நலம் பெற்றோர் ஏராளம், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதில் இன்று செய்த மாற்றத்தின் முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாட்களாகும். இன்று மாலைப் பந்தாட்டத்துக்கு இன்றிரவு அளவைக் குறைத்துப் பயனில்லை!

ஆக, மாறுவது என்றால் என்ன? குழந்தைக்கு டெக்லுடெக் தொடங்கும்போது பழைய அளவில் 80 விழுக்காடுதான் கொடுக்க வேண்டும் என்கிறது விதி. பிறகு மூன்று நாள் காத்திரு. காலைச் சர்க்கரை ஏறியிருக்கிறதா? ஒரு யூனிட் கூட்டு. மீண்டும் காத்திரு. நிதான ஊசியின் கணக்குக் கலைந்தால் உணவு நேரத்து ஊசியின் கணக்கும் சேர்ந்தே கலையும். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தாய் விழித்தெழுந்து, உறங்கும் பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கிறாள். தாழ்ந்திருந்தால் எழுப்பிப் பழச்சாறு புகட்டுகிறாள். இப்படி வாரக்கணக்கில்! இத்தனையும் நோயாளியின் நலங்கருதி மருத்துவர் சொல்லி நடந்தால், கைப்பான கஷாயமென்று குடித்துவிடலாம். சொன்னவர் மருத்துவரல்லவே!

நிறுவனம் மூன்று காரணங்கள் சொன்னது. உற்பத்தியில் நெருக்கடி, காப்பீட்டுப் பட்டியல்களிலிருந்து மருந்து நீக்கப்பட்டது, மாற்று மருந்துகள் இருக்கின்றன. நடுவிலுள்ள காரணத்தை ஊன்றிக் கவனியுங்கள், தோழர்களே! 2023 மார்ச்சில் இதே நிறுவனம் லெவெமிரின் விலையை 65 விழுக்காடு குறைக்கப் போவதாக அறிவித்தது. 2024 ஜனவரி முதல் நாள் முதல் அமுல். (அதே நாளில்தான் மெடிகெய்ட் என்னும் ஏழையர் மருத்துவத் திட்டத்துக்கு நிறுவனங்கள் தர வேண்டிய தள்ளுபடியின் உச்சவரம்பும் நீங்கியது. விலையை ஏற்றியே வைத்திருந்தால் விற்ற விலையை விஞ்சி அரசுக்குத் திருப்பித் தர நேர்ந்திருக்கும். கருணைக்கும் கணக்குண்டு!) விலை இறங்கியது, மருந்து வாழ்ந்ததா? அந்நாட்டில் எந்த மருந்து காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறும் என்று தீர்மானிப்பதில் இடைத்தரகர்களுக்குப் பெரும் பங்குண்டு. அச்சிட்ட விலை உயர்ந்தால் அவர்கள் பேரம் பேசிப் பெறும் கழிவும் உயரும். விலை இறங்கியதும் கழிவு இறங்கியது, கழிவு இறங்கியதும் மருந்தைக் கழித்துவிட்டார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். உண்மை என்றே கொள்வோம். மலிவாகிவிட்டது, ஆகவே கிடைக்காது! இப்படியொரு வாணிப நீதியை எந்தச் சந்தையில் கண்டோம்?

வேறொருவர் செய்து விற்கக்கூடாதா? லெவெமிருக்கு நிகர் மருந்து எதுவும் அங்கே விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஷாஹீன், வாரன், வார்னாக் ஆகிய செனட்டர்கள் 2024-இல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டனர். பதில் வந்தது, மருந்து வரவில்லை.

இன்சுலின் பிறந்த கதை எப்படிப்பட்டது தெரியுமா? 1921-இல் டொராண்டோவில் கண்டுபிடிப்பு. 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி. காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தனர். ஒரே ஒரு டாலர்! அதே 1922-இல் டென்மார்க்கிலிருந்து டொராண்டோ சென்றார் நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஆகஸ்ட் க்ரோக். அவருடைய துணைவியார் மேரி க்ரோக் ஒரு மருத்துவர். அவரே நீரிழிவு நோயாளியும்கூட. தம் நாட்டில் இன்சுலின் தயாரிக்க அனுமதி பெற்றுத் திரும்பினார் க்ரோக். அந்த அனுமதியில் முளைத்ததே நார்டிஸ்க் ஆய்வுக்கூடம். 1989-இல் நோவோவுடன் இணைந்து இன்றைய பெயர் பெற்றது. உடல் இளைக்கும் மருந்து கொண்டுவந்த செல்வத்தால், 2023-இல் அதன் பங்குகளின் சந்தை மதிப்பு டென்மார்க் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே விஞ்சியது. அந்தச் செழிப்பின் ஆண்டில்தான் லெவெமிருக்கு விடை கொடுத்தார்கள்!

அமெரிக்காவோடு நிற்கவில்லை இது. பிரிட்டனில் 2026 இறுதியோடு லெவெமிர் நிற்குமென அறிவிப்பு வந்தது. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனா வழங்கும் ஒப்பந்தத்தை இந்நிறுவனம் நீட்டிக்காததால், 2024-இல் நோயாளர்கள் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திருப்பப்பட்டனர். நம் நாட்டில் ஹ்யூமன் மிக்ஸ்டார்டின் பேனாக் குழல்கள் நிறுத்தப்படும் என்ற செய்தி 2025-இல் வந்தது. குப்பி தொடரும் என்றார்கள். பார்வை மங்கிய முதியவர் சிரிஞ்சிலுள்ள கோடுகளை எண்ணுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

கலிபோர்னியா மாநில அரசு மட்டும் வேறு வழியில் இறங்கியது. பெங்களூர் பயோகான் தயாரிக்கும் கிளார்ஜின் இன்சுலினை, ஐந்து பேனாக்கள் 55 டாலர் என்ற விலையில், 2026 ஜனவரி முதல் தன் பெயராலேயே விற்பதாக அறிவித்தது. அரசே வாணிபத்தில் இறங்குவதா என்று முகஞ்சுளித்தோர் உண்டு, நாம் வரவேற்கிறோம். ஆனால் அது கிளார்ஜின். காலைக்கொரு கணக்கு, இரவுக்கொரு கணக்கு என்று லெவெமிரைப் பிரித்துப் போட்டுப் பழகிய அந்தப் பிள்ளைக்கு, இதுவும் புதிய மருந்துதான். தாய் மறுபடியும் இரவு இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும்.