நீண்ட இரவும் நெடிய செலவும்

ஆண்டிலே ஒரு நாள், இரவு மிக நீண்டும் பகல் மிகக் குறுகியும் அமைகின்றது. தென்திசை சென்ற சூரியன் வடதிசை நோக்கித் திரும்பும் அந்நாள் டிசம்பர் மாதம் 21 ஆம் அல்லது 22 ஆம் திகதியில் வரும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நாம் இதனைப் பெரிதும் உணர்வதில்லை. யாழ்ப்பாணத்திலே அன்றும் ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. தென் கொரியாவின் தலைநகராகிய சியோலிலோ அன்றைய பகல் ஒன்பதரை மணி நேரத்தைச் சிறிதே தாண்டும். குளிரும் இருளும் கூடிய அந்நாளைக் கொரிய மக்கள் 'டொங்ஜி' என்பர். 'சிறிய புத்தாண்டு' என்பதும் அதற்கு வழங்கும் பெயராகும்.

அன்று அவர்தம் இல்லங்களிலே சிவந்த கூழ் காய்ச்சப்படும். எமது கௌபிக்கு உறவான ஒரு சிறு சிவப்புப் பயற்றை வேகவைத்து, மசித்து, வடித்து, அச்சாற்றிலே அரிசியிட்டுக் காய்ச்சுவர். பசையரிசி மாவைச் சிறு உருண்டைகளாக உருட்டி அதனுள் இடுவர். பறவை முட்டையை ஒத்த அவ்வுருண்டைகளை அவரவர் வயதின் எண்ணிக்கைப்படி உண்பது பழைய வழக்கம். கூழை உண்ணுமுன் முன்னோர்க்குப் படைத்து, வீட்டின் பல இடங்களிலும் வைத்து, வாயிற் கதவிலும் மதிலிலும் சிறிது தெளிப்பதும் உண்டு. சிவப்பு நிறத்தைக் கண்டால் தீய ஆவிகள் அணுகா என்பது அவர்தம் நம்பிக்கை.

இதனைப் படிக்கும் எம் வாசகருக்கு ஆடிக்கூழின் நினைவு வருதல் இயல்பே. பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் அக்கூழை நாம் ஆடிப் பிறப்பன்று உண்கின்றோம். சூரியனின் தென்திசைப் பயணம் அன்று தொடங்குவதாக நம் முன்னோர் கொண்டனர். வடதிசைப் பயணத்துக்குத் தைப்பொங்கலை வைத்தனர். வான நூற் கணக்கின்படி இன்று அத்திருப்பம் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. சூரியன் திசை மாறும்போது அடுப்பிலே பானை ஏற்றும் வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு.

கொரியக் கூழுக்கு ஒரு கதையும் உண்டு. அது சீனத்திலிருந்து வந்தது. கொங்கொங் என்பானுக்கு உதவாக்கரை மகன் ஒருவன் இருந்தான். அவன் இந்நாளிலே இறந்து, நோய் பரப்பும் பேயானான். உயிரோடிருந்தபோது அவன் சிவப்புப் பயற்றுக்கு அஞ்சுவானாம். ஆகவே மக்கள் அப்பயற்றைக் காய்ச்சி அவனை விரட்டினர் என்பது கதை. கதையை நம்பினும் நம்பாவிடினும், அதனுள் உறையும் அச்சம் மெய்யானது. இருண்ட காலத்திலே பிள்ளைகளுக்குத் தீங்கு வந்துவிடுமோ என்று கலங்கிய தாய்மாரின் அச்சமே அது.

இன்று அந்நாட்டுத் தாய்மார் இருவர் கூழ்க் கிண்ணத்தின் முன் அமர்ந்தால் பேயைப் பற்றிப் பேசுவது அரிது. அவர்தம் பேச்சு வேறொரு கவலைக்குத் திரும்பும். "மூத்தவனுக்குக் கணிதத்துக்கு எங்கே அனுப்புகிறீர்கள்? மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்பதே அக்கவலை.

தென் கொரியாவிலே பாடசாலைக் கல்விக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் கட்டாயக் கல்வி. உயர்நிலைப் பள்ளியும் 2019 இல் தொடங்கிப் படிப்படியாக 2021 இல் எல்லா வகுப்புகளுக்கும் இலவசமாயிற்று. ஆயினும் பாடசாலை முடிந்ததும் பிள்ளைகள் 'ஹக்வொன்' எனப்படும் தனியார் கல்வி நிலையங்களுக்குச் செல்கின்றனர். நாம் ரியூட்டரி என்று சொல்வதன் பெரிய வடிவம் அது. அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பின்படி 2024 இல் மாணவர் நூற்றுவரில் எண்பதின்மர் தனியார் கல்வி பெற்றனர். பெற்றார் அவ்வாண்டில் செலவிட்ட தொகை ஏறத்தாழ 29 இலட்சத்து 20 ஆயிரம் கோடி வொன். மாணவர் தொகை முந்திய ஆண்டிலும் குறைந்திருந்தது, செலவோ கூடியிருந்தது.

இன்னொரு கணக்கும் சிந்தைக்குரியது. மாத வருமானம் 80 இலட்சம் வொன்னும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்கள் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 6 இலட்சத்து 76 ஆயிரம் வொன் செலவிட்டன. 30 இலட்சத்துக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பங்கள் 2 இலட்சத்து 5 ஆயிரம் வொன்னே செலவிட்டன. பாடசாலை வாயிலில் சமமாக நிற்கும் பிள்ளைகள், மாலையானதும் சமமின்றிப் பிரிகின்றனர்.

இச்செலவு அம்மக்களுக்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டிலே உழவர் தம் மாட்டை விற்றுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். அதனால் பல்கலைக்கழகத்தைத் 'தந்தக் கோபுரம்' என்பதற்கு மாறாக 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று கசப்போடு கூறும் வழக்கம் எழுந்தது. பின்னர் பிள்ளைகளையும் மனைவியையும் ஆங்கிலக் கல்விக்காக அயல்நாட்டுக்கு அனுப்பி, தாம் தனித்திருந்து உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையருக்குக் 'காட்டு வாத்துத் தந்தையர்' என்று பெயர் வந்தது. தோட்டக் காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளையைப் படிப்பித்த பரம்பரையினராகிய எமக்கு இப்பெயர்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தால் இதனைத் தடுக்க முடியாதா எனச் சிலர் வினவலாம். 1980 ஆம் ஆண்டிலே அந்நாட்டு இராணுவ ஆட்சி தனியார் கற்பித்தலைத் தடை செய்தது. பணம் படைத்தோர் மறைவாகக் கற்பித்தனர். 2000 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்த்தது. சியோலிலே இரவு பத்து மணிக்கு மேல் இந்நிலையங்கள் வகுப்பு நடத்தலாகாது என்ற விதியையோ அதே நீதிமன்றம் 2009 இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளின் உறக்கத்தைக் காக்க ஒரு விதி வேண்டியதாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 இல் அந்நாட்டிலே பெண் ஒருவருக்குப் பிள்ளைப் பேறு சராசரி 0.72 ஆக வீழ்ந்தது. அதற்குக் காரணங்கள் பல. பிள்ளை வளர்ப்புச் செலவும் கல்விச் செலவும் அவற்றுள் முன்னணியில் வைத்துப் பேசப்படுகின்றன.

கூழுக்கும் இக்கட்டணத்துக்கும் அடிப்படை ஒன்றே. பிள்ளைக்குத் தீங்கு வரலாகாது என்ற கவலையே இரண்டையும் செய்விக்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு வீட்டார் கூழ் காய்ச்சினால் அயல் வீட்டாருக்கு நட்டமில்லை. ஒரு கிண்ணம் அங்கும் போகும். ஒரு வீட்டார் பிள்ளையை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பினால், அயல் வீட்டார் தம் பிள்ளை பின்தங்கிவிடும் என அஞ்சி மூன்றாவதைத் தேடுவர். கூத்துக் கொட்டகையிலே முன்வரிசையினர் எழுந்து நின்றால் பின்வரிசையினரும் எழ வேண்டியதாகின்றது. முடிவிலே எல்லாரும் கால் கடுக்க நிற்பர். முன்னிலும் நன்றாகக் கண்டவர் ஒருவருமிலர்.

எமது நாட்டிலும் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. இருந்தும் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிலிலிருந்து உயர்தரம் வரை ரியூட்டரிக்குச் செல்லாத பிள்ளையைக் காண்பது அரிதாகிவிட்டது. "எல்லாரும் போகிறார்கள் சேர், எங்கள் பிள்ளையை மட்டும் எப்படி நிறுத்துவது?" என்று பெற்றார் எம்மிடம் வினவுகின்றனர். நியாயமான கேள்வியே. பிள்ளைக்கு விளங்காத பாடம் ஒன்றிருப்பின் அதற்கு உதவி தேடுவது கடமை. அயலவர் அனுப்புகின்றனர் என்பதற்காக அனுப்பும் வகுப்பு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய, பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்து, பிள்ளையையே கேட்டு, வகுப்பாசிரியரையும் கண்டு பேசுதல் வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

கொரியரின் டொங்ஜி வழக்கங்களுள் ஒன்றைக் கூறி முடிப்போம். அந்நாள் சந்திர நாட்காட்டியின் பதினொராம் மாதத்து முதற் பத்து நாட்களுள் விழுமாயின், அது 'பிள்ளை டொங்ஜி' எனப்படும். 2025 ஆம் ஆண்டில் அவ்வாறே வந்தது. அவ்வாண்டிலே பிள்ளைகள் உள்ள வீட்டில் கூழ் காய்ச்சுவதில்லை. காய்ச்சினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பர். அதற்கு மாற்றாகப் பயறு சேர்த்த அரிசிப் பணியாரம் அவித்து உண்பர். காவலுக்கென்று செய்வதும் சில காலத்தில் பிள்ளைக்கு ஆகாததாய் முடியலாம் என்று அம்முதியோர் எண்ணினர் போலும். அடுத்த தவணைக்கு வகுப்புகளைத் தீர்மானிக்கும் பெற்றார், பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்குமுன், பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகின்றது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.