குட்டி யானைக்கு யார் தீனி போடுவது?

கீரமங்கலத்துப் பூவும் ஆலங்குடிப் பலாவும் சந்தைக்குப் போவது 'குட்டி யானை'யிலும் பிக்கப் வண்டியிலும்தான். இரண்டும் குடிப்பது டீசல். அதைச் செடியிலிருந்தே எடுக்கலாம் என்று 2003-ல் மத்தியத் திட்டக் கமிஷன் அமைத்த குழு சொன்னது. காட்டாமணக்கு! தரிசு நிலம் போதும், 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்றார்கள்.

நடந்தது என்ன? நம்பி நட்ட தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் காட்டாமணக்கு சாகாது, உண்மைதான். ஆனால் கட்டுபடியாகும் அளவுக்குக் காய்க்காதே! 2018 கொள்கையில் இலக்கு 5 சதவீதமாகச் சுருங்கி, 2030க்குத் தள்ளிப் போனது. நஷ்டம் மட்டும் விவசாயி கணக்கில்!

பயோடீசலே கூடாது என்பதல்ல வாதம். 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. கோளாறு எண்ணெயில் இல்லை, கணக்கில். புதுக்கோட்டையின் மானாவாரி மண் தைலமரத்தால் பட்டது போதும். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திரட்டும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே தொடங்கிவிட்டது. முதலில் அந்த எண்ணெய் ஊர் ஊராகச் சேரட்டும்.

அதற்குப் பிறகும் செடி நடச் சொல்கிறீர்களா? கொள்முதல் விலையை எழுத்தில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்!