பொம்மைக் கார் கட்டுவது சிறுபிள்ளை வேலையா?

வயது வந்த ஒருவர் பொம்மைக் காரின் பாகங்களை மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனம் 2018-இல் புகாட்டி சிரோன் காரை எட்டில் ஒரு பங்கு அளவில், 3,599 துண்டுகளாக வெளியிட்டது. பசை கிடையாது, துண்டோடு துண்டைச் செருக வேண்டியதுதான். சக்கரத்தை உருட்டினால் பதினாறு பிஸ்டன்களும் ஏறி இறங்கும். தொடக்கத்தில் ஒரு பல்சக்கரத்தை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால், பல மணி நேரம் கழித்தே பிழை தெரியும். கட்டியதையெல்லாம் பிரித்தாக வேண்டும். (தையல் வகுப்பில் பிரித்துத் தைத்தவர்களுக்கு இவ்வேதனை புரியும்!) அதே ஆண்டில் அந்நிறுவனத்தார் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால் முழு அளவுக் காரையே கட்டி, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் காட்டினர்.

இத்தகைய பெட்டி நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது மெய்யே. ஆனால் எங்கள் குறை வேறு. திருகாணியும் ஸ்பானரும் தம்பிக்கு. எங்களுக்குச் சமையல் சொப்பு! 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில், அசோக் லேலண்டு ஆலையின் எஞ்சின் பிரிவு ஒன்று 2023-இல் முழுவதும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் சிறுவயதில் ஒரு பல்சக்கரத்தையாவது கையில் எடுத்திருப்பார்கள்?

பழைய சைக்கிள் செயினும் நின்றுபோன கடிகாரமும் காசு கேட்பதில்லை. அப்பா சைக்கிளைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமையில், தம்பியோடு எங்களையும் கூப்பிடட்டும்.