கீழடிக்கும் கச்சநத்தத்துக்கும் இடையே

கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வு குறித்து அமர்நாத் இராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அளித்தார். 2025 மே மாதத்தில் அத்துறை அதைத் திருத்தம் கோரித் திருப்பி அனுப்பியது. திருத்த இயலாது என்று அவர் மறுத்தார். சில வாரங்களில் இடமாற்றம் செய்யப்பட்டார். வைகைக் கரையில் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே எழுத்தறிந்த நகர வாழ்வு இருந்தது என்பதை ஏற்க ஒன்றிய அரசுக்கு மனமில்லை என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் ஏறத்தாழ ஒரே குரலில் கண்டித்தன. அந்தக் கண்டனத்தில் நமக்கு மாறுபாடில்லை. வேதத்திலிருந்தே இந்நிலத்தின் வரலாறு தொடங்குகிறது என்னும் கதையால் மிக அதிகமாக இழந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. ஆயினும் தில்லிக்கும் சென்னைக்கும் இடையே நடக்கும் இந்த வழக்கில், இரு தரப்பும் எழுப்பாத ஒரு கேள்வி உண்டு. கீழடி அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தபோது அக்கேள்வி எங்களைவிட்டு அகலவில்லை.

2023 மார்ச் 5 அன்று முதலமைச்சர் திறந்துவைத்த அந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தூண்களுமாக எழுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்றாலே அரையிருளும் தூசி படிந்த பெயர்ப்பலகையும் நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இங்கே நிலைமை வேறு. விடுமுறை நாட்களில் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரள்கிறார்கள். வேளாண்மை, மட்கலத் தொழில், நெசவு, கடல் வணிகம் என்று உழைப்பை முன்னிறுத்திக் கூடங்கள் பிரிக்கப்பட்டிருப்பது பாராட்டுக்குரியது. அரசர்களின் வாளும் கிரீடமும் இல்லாமலேயே ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு இது சான்று. தக்களிகள், தந்தத்தில் செய்த பகடைக்காய்கள், சூதுபவள மணிகள், சுடுமண் விளையாட்டுக் காய்கள், உறைகிணற்று வளையங்கள், ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓடு. அந்தப் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டு இல்லை. பெயருக்குப் பின்னால் எதைக் கேட்பார்களோ என்று அஞ்சிக்கொண்டே கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு அந்த ஓட்டின் முன்னால் சற்று நேரம் நிற்கத் தோன்றும். எங்களுடன் வந்த மாணவர்களும் அங்கேதான் நெடுநேரம் நின்றார்கள்.

அருங்காட்சியகத்தின் இயல்பு பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது அழியாதவற்றின் இருப்பிடம். மண், கல், இரும்பு, பொன், தந்தம், எலும்பு ஆகியவை இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும் மீள்கின்றன. தோல், நார், மூங்கில், ஓலை, துணி ஆகியவை பெரும்பாலும் மட்கிப்போகின்றன. கீழடியில் எடுத்த எலும்புகளில் 70 மாதிரிகள் புணே தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டன. அவற்றில் 53 விழுக்காடு காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் என்றும், அம்மக்கள் கால்நடை வளர்ப்பையும் உழவையும் சார்ந்து வாழ்ந்தார்கள் என்றும் மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சரி, அத்தனை காளைகளும் எருமைகளும் இறந்தபோது அவற்றைத் தூக்கியவர் யார்? தோலை உரித்துப் பதப்படுத்தியவர் யார்? வாரும் செருப்பும் பறையும் செய்தவர் யார்? அவர்கள் நகரத்தின் நடுவே குடியிருந்தார்களா, ஓரத்திலா? எலும்பு பேழைக்கு வந்து சேர்ந்துவிட்டது, தோல் மட்கிவிட்டது. தோலோடு சேர்ந்து அந்தத் தொழிலாளரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். பிற்காலத்தில் எந்தத் தொழில்களைக் காட்டித் தீட்டு கற்பிக்கப்பட்டதோ, அவை பெரும்பாலும் தடயம் விடாத தொழில்கள் என்பதைத் தொல்லியலாளர் எவரும் சதி செய்து உருவாக்கவில்லை. ஆனால் பேழைகளைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர்கள் இந்த இடைவெளியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏனெனில் முடிவுக்கு வருவதில் நம் மேடைகளுக்கு அவசரம் மிகுதி. கீழடியில் சமய வழிபாட்டுப் பொருட்கள் பெரிதாகக் கிடைக்கவில்லை; எனவே சமயம் இல்லை; எனவே சாதியும் இல்லை என்று மூன்றே தாவலில் பேச்சு முடிந்துவிடுகிறது. சாதி ஒரு பொருளன்று, பேழையில் வைப்பதற்கு. அது மனிதருக்கு இடையே வகுக்கப்பட்ட தூரம். யார் எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார், யாருடைய வீடு எத்தனை தொலைவில் இருந்தது, யாருடைய தாழியில் என்ன வைத்துப் புதைத்தார்கள் என்று அதற்கெனவே தேடினால்தான் அதன் இருப்போ இன்மையோ தெரியவரும். சுமார் 110 ஏக்கர் பரப்புள்ள மேட்டில் இதுவரை அகழ்ந்தது சிறு பகுதியே. கீழடியின் காலத்தை உறுதிசெய்யச் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கிறவர்கள், அதே புறநானூற்றில் இழிசினன், புலையன், புலைத்தி என்ற சொற்கள் பறையறைவோர்க்கும் ஈமக்கடன் செய்வோர்க்கும் துணி வெளுப்போர்க்கும் வழங்குவதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அச்சொற்கள் அன்றே தீண்டாமையைக் குறித்தனவா என்பது அறிஞரிடையே முடிவுறாத விவாதம். முடிவுறாதது என்று அங்கே ஒரு பலகை எழுதி வைத்தால் வானம் இடிந்து விழாது.

தீண்டாமை தொன்றுதொட்டு இருந்ததல்ல, அதற்கு ஒரு பிறந்தநாள் உண்டு என்று வாதிட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948-இல் வெளிவந்த நூலில், அது ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டி, பௌத்தத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் நடந்த போராட்டத்தின் விளைவாகத் தோன்றியது என்றார். 1916-இலேயே அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று நிறுவினார். 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் குழுக்கள் பரவலாகக் கலந்தனர் என்றும், அதன்பின் அகமணம் இறுகியது என்றும் கண்டது. கீழடியின் காலம் அந்தக் கதவு மூடுவதற்குச் சற்று முந்தையது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளிலோ வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயர் சொல்லிப் பதிவாகியுள்ளன. அப்போது கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சேரி தனியே நின்றுவிட்டது; அரசின் கணக்கிலும் ஏறிவிட்டது.

நாம் எழுப்பும் கேள்வி இதுதான். ஆதனின் பானை ஓட்டுக்கும் தீண்டாச்சேரிக் கல்வெட்டுக்கும் இடையே நடந்தது என்ன? யார் யாரை ஒதுக்கினார்கள்? எந்த நிலம் யார் கைக்கு மாறியது? கீழடியின் மக்கள் சாதியற்றவர்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் சாதி பின்னால் வந்தது. வந்ததென்றால் கொண்டுவந்தவர்களும் ஏற்றுக்கொண்டவர்களும் அதனால் பயனடைந்தவர்களும் இருந்தாக வேண்டும். ‘வடக்கிலிருந்து வந்த நஞ்சு’ என்ற ஒற்றை விடை, இங்கே அதைப் பயிரிட்டு அறுவடை செய்த கைகளைக் கழுவி விடுகிறது. பொற்காலம் காட்டப்படுகிறது, அது போன கதை மட்டும் சொல்லப்படுவதில்லை.

அருங்காட்சியகம் நிற்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கச்சநத்தமும் இருக்கிறது. கோயில் திருவிழாவையொட்டி மூண்ட பகையில், 2018 மே 28 இரவு ஆயுதமேந்திய கும்பல் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வெட்டியதில் மூவர் உயிரிழந்தனர். 2022 ஆகஸ்டில் சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மே மாதத்தில் கீழடியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆண்டின், ஒரே மாவட்டத்தின் செய்திகள்.

கீழடித் தொகுதியின் ஈமக்காடு கொந்தகை. அங்கே கிடைத்த மண்டை ஓடுகளைக் கொண்டு அம்மக்களின் முகங்களைக்கூட இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவியோடு மீட்டுருவாக்கிவிட்டார்கள். அந்த முகங்களைப் பார்ப்பது நெகிழ்ச்சியான அனுபவம், மறுப்பதற்கில்லை. ஆனால் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டதால் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கியது 2019 ஆகஸ்டில். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பிணத்துக்கு முகம் வரைந்து மரியாதை செய்யும் சமூகம், நேற்றைய பிணத்துக்கு வழிவிடவில்லை.

உள்ளூர் வரலாற்றை வேறு விதமாகவும் காட்சிப்படுத்தலாம் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதியை 1966 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமானதாக நிறவெறி அரசு அறிவித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. 1994 டிசம்பரில் ஒரு பழைய தேவாலயத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், அப்பகுதியின் பெரிய வரைபடம் தரையில் விரிக்கப்பட்டுள்ளது. துரத்தப்பட்டவர்களே வந்து குனிந்து, தம் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். இடிப்புப் பணியில் இருந்த ஒருவர் ஒளித்துவைத்திருந்த தெருப் பெயர்ப்பலகைகள் அங்கே தொங்குகின்றன. பொருளின் தொன்மை அங்கு அளவுகோல் அன்று. யார் பேசுகிறார்கள் என்பதே அளவுகோல்.

நம்மிடமும் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. கல்வெட்டோ செப்பேடோ கைவசமில்லாத மக்களின் வரலாற்றை, வழக்குச் சொற்களிலிருந்தும் பண்டிகைகளிலிருந்தும் சடங்குகளிலிருந்தும் மீட்கலாம் என்று 1907 முதல் 1914-இல் மறையும்வரை தம் இதழில் எழுதிக் காட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் உடன்பட வேண்டியதில்லை. முறை இன்றும் பயன்படும். 44 பேர் எரிக்கப்பட்ட வெண்மணியிலும், ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த அறுவரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்ட மேலவளவிலும் மக்களும் இயக்கங்களுமே நினைவிடம் எழுப்பினர். ஆண்டுதோறும் அங்கே கூடுகிறவர்களுக்கு அவையே உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம். ஆனால் பள்ளிகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் அவற்றைப் பார்ப்பது அரிது.

எனவே கீழடியைப் புறக்கணிக்க நாம் சொல்லவில்லை. அங்கே இன்னொரு கூடம் வேண்டும் என்கிறோம். வெயிலில் குழிக்குள் அமர்ந்து மண்ணைச் சுரண்டிய சுற்றுவட்டாரக் கூலித் தொழிலாளர்களின், குறிப்பாகப் பெண்களின், பெயர்கள் அதில் இருக்கட்டும். தஞ்சைக் கல்வெட்டின் படி இருக்கட்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தந்த அறிக்கையை அடுத்து 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும், அந்நிலங்கள் இன்று யார் பெயரில் உள்ளன என்பதும் இருக்கட்டும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை ஒரு பேழையில் இருக்கட்டும்.

அரசு அதைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையில் தத்தம் ஊரில் தொடங்கலாம். சேரியின் மூத்தவர்களிடம் கிணறு, கோயில், சுடுகாட்டுப் பாதை மூன்றையும் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய பட்டா, கடன் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பறை, களைக்கொட்டு எவையும் பழைய இரும்புக்காரருக்குப் போகுமுன் ஒளிப்படம் எடுத்து, யாருடையது, எந்த ஆண்டினது என்று எழுதிவையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஊரின் அ-பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.