கௌரவக் குடும்பத்தின் கள்ளத் தொழில்!

அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸ் அருகே சான் இசிட்ரோ என்ற ஊர். பணக்காரர் வாழும் இடம். அங்கே புச்சியோ குடும்பத்துக்குத் தனி மதிப்பு. தந்தை ஆர்கிமிடெஸ் தம் வீட்டு வாசலைத் தாமே பெருக்குவார். மூத்த மகன் அலெஹாந்திரோ நாட்டுக்காக ரக்பி பந்து ஆடியவர்.

ஆனால் அவர்கள் வீட்டுக்குள் கைதிகள்!

1982 முதல் 1985 வரை, பணத்துக்காக நான்கு பேருக்கு இவர்கள் வலைவீசினர். மூவர் கொலையுண்டனர். பணம் வந்த பின்பும் இருவரை விடவில்லை. 1985 ஆகஸ்டில் போலீசார் புகுந்து, நிலவறையில் கிடந்த பெண்ணை மீட்டனர்.

இந்த உண்மைக் கதையை 2015இல் ‘எல் கிளான்’ என்ற படமாக்கினார் பாப்லோ திரப்பெரோ. வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசும் பெற்றார்.

படத்தில் நெஞ்சை உலுக்குவது துப்பாக்கி அல்ல, சாப்பாட்டுத் தட்டு! தந்தை அதை ஏந்தி, வீட்டாரிடம் அன்பாகப் பேசியபடி நடக்கிறார். பூட்டிய கதவைத் திறக்கிறார். உள்ளே கைதி!

ஒரு மகன் வெளிநாடு போய்விடுகிறான். அவனும் போலீசில் சொல்லவில்லை.

பெற்றவர் சொல்லைக் கேட்பது பிள்ளைக்கு அழகு. பாவத்துக்கு அழைத்தால்? “மாட்டேன்” என்பதே அழகு. அதை ஊரறியச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், சில உயிர்கள் பிழைத்திருக்கும். வாசல் சுத்தமாக இருந்தால் போதுமா? வீடு சுத்தமாக வேண்டாமா?